ஒழுகும் காரும் ஒழுக்கின் மூலமும்

வாடைக்காற்று எழுந்துவிட்டால் வன்னியின் கீழ்க்கரைக்கு மாரி வந்துவிட்டது என்பது பொருள். ஐப்பசி தொடங்கித் தை பிறக்கும் வரை, முல்லைத்தீவிலிருந்து அளம்பில், செம்மலை, நாயாறு, கொக்குத்தொடுவாய் வழியாகக் கொக்கிளாய்க்குச் செல்லும் கரையோர வீதி அடிக்கடி நனைந்தே கிடக்கும். பழைய கார் வைத்திருப்போர் இக்காலத்தில் கூறும் முறைப்பாடு ஒன்றுண்டு: “மழை வெளியே பெய்கின்றது, தண்ணீரோ உள்ளே நிற்கின்றது.” அந்தத் தண்ணீரின் மூலத்தைக் கண்டறிவது எவ்வாறு என்பதை இவ்வாரம் ஆராய்வோம்.

கிடுகு வேய்ந்த வீட்டில் வாழ்ந்தோர் ஓர் உண்மையை நன்கறிவர். நடுவீட்டிலே துளி சொட்டினால், அதற்கு நேர்மேலே ஓட்டை இருக்கவேண்டும் என்பதில்லை. முகட்டருகே இற்றுப்போன கிடுகினூடாகப் புகுந்த நீர், கைமரத்தின் வழியே வழிந்து, எங்கோ ஒரு முடிச்சிலே தடைப்பட்டு விழும். காரிலும் இதுவே விதி. ஈரம் காணும் இடம் வேறு. நீர் புகும் இடம் வேறு. இதை மறந்து, ஈரம் கண்ட இடமெங்கும் பசையைப் பூசுவோர் பணத்தையும் இழப்பர், காரையும் இழப்பர்.

நம் நாட்டில் பழைய கார் என்றதும் மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ-40உம் நினைவுக்கு வரும். 1990ஆம் ஆண்டின் பின்னர், போரினால் பெற்றோலும் உதிரிப்பாகங்களும் வடக்கே அரிதானபோது, மண்ணெண்ணெயில் ஓடி மக்களைக் காத்தவை அத்தகைய கார்களே. எனினும், மழைக்கு இடங்கொடுப்பதில் இருவர் அமரும் திறந்த விளையாட்டுக் கார்களுக்கு நிகரில்லை. இங்கிலாந்தில் 1962 முதல் 1980 வரை ஐந்து இலட்சத்துக்கு மேல் உற்பத்தியான எம்.ஜீ.பி. காரின் திறந்த வகையை உதாரணமாகக் கொள்வோம். அதன் கூரை துணியாலானது. துணியும் றப்பரும் கண்ணாடியும் சந்திக்கும் ஒவ்வோரிடமும் நீருக்கு ஒரு வாசலாகும்.

முதலில், உள்ளே நிற்பது மழைநீர்தானா என்று தெளிதல் வேண்டும். வெப்பமூட்டி பொருத்திய கார்களில் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம் ஒழுகலாம். அது பிசுபிசுப்பாகவும் நிறமுள்ளதாகவும் இருப்பதுண்டு. மிதிகளின் அருகே எண்ணெய் போன்ற திரவம் கசிந்து வர்ணப்பூச்சை உரித்திருந்தால், அது பிறேக் திரவமாக இருக்கலாம். அவ்வாறாயின் காரை ஓட்டாது உடனே திருத்துநரை அழைத்தல் வேண்டும். இவை நஞ்சாதலின் நாவினால் சுவைத்துப் பார்த்தல் ஒருபோதும் கூடாது.

மழைநீர்தான் என்று துணிந்தபின், தரைக் கம்பளங்களை நீக்கி, உள்ளே முற்றாக உலரவிடுக. ஐயத்துக்குரிய இணைப்புகளின் கீழே குழந்தைகளுக்குப் பூசும் பவுடரை மெல்லிதாகத் தூவுக. ஒருவர் டோர்ச் விளக்குடன் உள்ளே அமர, மற்றொருவர் வெளியிலிருந்து பூவாளியால் நீர் ஊற்றுக. கீழிருந்து மேலாக, ஓரிடத்தில் ஐந்து நிமிடம் என்ற அளவில் ஊற்றுதல் வேண்டும். மேலிருந்து தொடங்கினால், வழியும் நீர் எல்லா இணைப்புகளையும் ஒருங்கே நனைத்துவிடும். குற்றவாளி எதுவெனத் தெரியாது. நீர் புகுந்த இடத்திலிருந்து பவுடரில் ஒரு கோடு கீறப்படும். அக்கோட்டின் மேல்நுனியே நாம் தேடும் இடம்.

நிறுத்திவைத்தபோது ஒழுகாத கார் ஓடும்போது மட்டும் நனையுமாயின், சில்லுகள் எற்றும் நீர் அடித்தட்டின் துளைகளினூடாக ஏறுகின்றதா என்று பார்த்தல் நலம். அத்துளைகளை அடைக்கும் றப்பர் மூடிகள் நாளடைவில் வெடித்து உதிர்வதுண்டு. கதவின் றப்பரைச் சோதிக்க ஒரு கடதாசித் துண்டு போதும். அதைக் கதவிடையே வைத்து மூடி இழுக்கும்போது தடையின்றி வந்தால், றப்பர் அவ்விடத்தில் அழுந்தவில்லை. புதிய றப்பர் வாங்குமுன் கதவின் பூட்டையும் பிணைச்சலையும் சரிசெய்து பார்த்தல் சிக்கனமாகும்.

இனி, பலர் அறியாத ஒரு செய்தி. கதவுக் கண்ணாடியின் ஓரமாகக் கதவினுள் நீர் இறங்குவது இயல்பே. இதை எதிர்பார்த்தே, காரை அமைத்தோர் கதவின் அடியிலே வடிதுளைகளை வைத்தனர். எம்.ஜீ.பி.யில் முன்கண்ணாடிக்கு முன்னாலுள்ள காற்றுப் புகுவழியிலும் மழைநீர் விழும். அது கீழே செல்ல ஒரு வடிகுழாய் உண்டு. இலைச் சருகும் மண்ணும் இவ்வழிகளை அடைத்தால் நீர் தேங்கி மேலேறிக் கால்வைக்கும் இடத்தில் வழிகின்றது. முகத்துவாரம் மணலால் மூடுண்டால் மாரி வெள்ளம் களப்பில் நிறைந்து கரைகடக்கும் என்பதைக் கரையோர மக்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அப்போது களப்பின் கரையை உயர்த்துவதால் பயனில்லை; முகத்துவாரத்தையே வெட்டவேண்டும். வடிதுளைகளைத் துப்புரவு செய்ய இரும்புக் கம்பியை விட ஈர்க்கு சிறந்தது. அது வர்ணப்பூச்சைக் கீறாது.

பசையின்றி ஒழுக்கை நிறுத்த முடியாத இடங்களும் உண்டு. அங்கே வினாகிரி மணம் வீசும் சிலிக்கோன் பசையைத் தவிர்த்தல் வேண்டும். அது வெளியிடும் அமிலம் வெற்றிரும்பை அரிக்கும். பழைய பசையைச் சுரண்டி, துருவை நீக்கி, காப்புப் பூச்சிட்டு உலர்ந்தபின்னரே புதியதைப் பூசுக. எந்தப் பசையாலும் வடிதுளையை அடைத்தல் ஆகாது.

இத்தனை அக்கறையும் இருக்கை நனையாதிருக்க மட்டும்தானா? அன்று. எம்.ஜீ.பி., மொறிஸ் மைனர் போன்ற கார்களில் உடலைத் தாங்கத் தனியான முழுச் சட்டகம் இல்லை. கதவுகளின் கீழே ஓடும் பக்க விட்டங்களும் அடித்தட்டுமே பெரும்பாரத்தைச் சுமக்கின்றன. கம்பளத்தின் கீழே தங்கிய ஈரம் அவற்றை உள்ளிருந்தே தின்னும். நாயாறு போன்ற கரைகளில் காற்றோடு வரும் உப்பு, ஈரத்தை ஈர்த்துத் துருவை விரைவுபடுத்தும். வெளியே வர்ணம் பளபளக்க, உள்ளே இரும்பு இற்றிருக்கும். கதவு மூடும்போது மேலே உரசத் தொடங்கினால், விட்டம் தளர்ந்துவிட்டதோ என ஐயுறல் வேண்டும். அத்தகைய கார் விபத்திலே குடும்பத்தைக் காக்காது.

ஆதலால் மாரிக்கு முன் ஒருநாளை இதற்கென ஒதுக்குக. கம்பளத்தைத் தூக்கிப் பார்க்க, வடிதுளைகளைத் திறக்க, காரின் அடிப்பாகத்தை நன்னீரால் கழுவி உலர்த்துக. கடற்கரை வீதியில் ஓடித் திரும்பிய பின்னரும் இக்கழுவலைச் செய்தல் நன்று. மாணவர்கள் பவுடர்ச் சோதனையில் தந்தையருக்குத் துணைநின்றால், ஒரு காரணத்தைப் பொறுமையோடு தேடிச் செல்லும் விஞ்ஞான முறையையும் வீட்டு முற்றத்திலேயே கற்றுக்கொள்வர். நீர் புகும் வழிகள் அனைத்தையும் அடைப்பது பழைய காரில் இயலாத காரியம். புகுந்த நீர் வெளியேற வழிவிடுவதோ எவர்க்கும் எளிது.