அமைதிக்கான நோபல் பரிசு: சாட்சி சொன்னவர்களுக்குக் கிடைத்த மரியாதை

அமைதிக்கான நோபல் பரிசு என்றதும் நாட்டுத் தலைவர்களின் பெயர்களே நம் நினைவுக்கு வரும். ஆனால், 2024-ஆம் ஆண்டின் பரிசு, அணுகுண்டிலிருந்து உயிர் தப்பிய சாதாரண மக்களின் சங்கத்திற்குக் கிடைத்தது. 1956-இல் ஜப்பானில் தொடங்கப்பட்ட 'நிஹோன் ஹிடான்கியோ' என்ற அமைப்பு அது.

1945 ஆகஸ்ட் 6-இல் ஹிரோஷிமாவிலும், 9-இல் நாகசாக்கியிலும் விழுந்த குண்டுகளால் சுமார் 120,000 பேர் இறந்ததாக நோபல் குழு குறிப்பிட்டது. ஏறக்குறைய அதே அளவினர் தீக்காயங்களாலும் கதிர்வீச்சாலும் பின்னர் மடிந்தனர். தப்பியவர்களில் பலருக்கு வேலையும் திருமணமும்கூட எளிதில் அமையவில்லை. இருந்தும் அவர்கள் பழிவாங்கக் கேட்கவில்லை. இனி யாருக்கும் இது நேரக்கூடாது என்றே ஊர் ஊராகச் சென்று சொன்னார்கள்.

இந்தப் போராட்டத்தில் மலேசியாவுக்கும் பங்குண்டு. 1985-இல் இதே பரிசைப் பெற்ற அனைத்துலக மருத்துவர்கள் அமைப்பைச் சேர்ந்தவர் நம் நாட்டு மகப்பேறு மருத்துவர் டாக்டர் ரோனல்ட் மெக்காய். அவர் 2005-இல் முன்வைத்த யோசனையிலிருந்து பிறந்ததுதான் 'ஐகேன்' இயக்கம். 2017-இல் அதற்கும் நோபல் கிடைத்தது. அவ்வாண்டு ஐ.நா.வில் நிறைவேறிய அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்தை மலேசியா 2020-இல் அங்கீகரித்தது. அணு ஆயுதம் வைத்துள்ள 9 நாடுகளில் ஒன்றுகூட இன்னும் அதில் சேரவில்லை.

அப்படியானால் பரிசால் என்ன பயன்? பரிசு ஓர் ஆயுதத்தையும் அழிப்பதில்லை என்பது உண்மையே. ஆனால், சாட்சி சொல்பவரின் குரலை உலகம் காதுகொடுத்துக் கேட்க வைக்கிறது.

நமக்கு இதில் ஒரு சங்கடமும் உண்டு. குண்டு விழுந்ததால்தான் ஜப்பானியர் ஆட்சி ஒழிந்தது என்று நம் தாத்தா பாட்டிகள் சொல்லக் கேட்டிருக்கிறோம். தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட பல்லாயிரம் தமிழர்கள் திரும்பவே இல்லை. அந்த வலி பொய்யல்ல. ஆனால், ஹிரோஷிமாவில் வெந்து மடிந்த பள்ளிப் பிள்ளைகள் அந்த ரயில் பாதையைப் போட்டவர்கள் அல்லர். ஒரு துயரத்தை மதிக்க இன்னொன்றை மறக்க வேண்டியதில்லை.

நோபல் மேடையில் உரையாற்றிய 92 வயது தெருமி தனாகா, நாகசாக்கியில் குண்டு விழுந்தபோது 13 வயதுச் சிறுவன். குடும்பத்தில் ஐவரை இழந்தவர். இறந்தவர்களுக்கு ஜப்பானிய அரசு இன்னும் இழப்பீடு தரவில்லை என்று அந்த மேடையிலேயே அவர் நினைவூட்டினார். சயாமில் இறந்தோரின் வாரிசுகள் நம்மிடையே எழுப்பும் குரலும் அதுதானே!

அவர்கள் சங்கமாகக் கூடி, பேசி, பதிவு செய்தார்கள், உலகம் கேட்டது. சயாம் சென்று மீண்ட நம்மவர்களில் பெரும்பாலோர் பேசாமலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இன்னும் நம் வீடுகளில் முதியவர்களாக இருக்கிறார்கள். இந்த வாரமே அவர்கள் பக்கத்தில் அமர்ந்து, கைப்பேசியில் அந்தக் குரலைப் பதிவு செய்து வைப்போம்.