நிலக்கரிப் புகைக்கு நாள் குறியுங்கள்: எண்ணூர் மீனவர்களின் கோரிக்கை மனு

அனுப்புநர்
தலைவர் மற்றும் செயலாளர்,
மீனவர் சங்கம், எண்ணூர்.

பெறுநர்
அரசுச் செயலாளர் அவர்கள்,
சுற்றுச்சூழல், காலநிலை மாற்றம் மற்றும் வனத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை.

பொருள்: கரிம உமிழ்வுக் குறைப்பு – எண்ணூர் வட்டார அனல்மின் அலகுகளை மூடக் கால அட்டவணை – தொழிலாளர், மீனவர் வாழ்வாதாரப் பாதுகாப்பு – கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரியீர்,

கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்தைச் சுற்றி இன்று 4,130 மெகாவாட் திறனுள்ள அனல்மின் அலகுகள் நிற்கின்றன. வட சென்னை நிலையத்தின் மூன்று கட்டங்களும் சேர்ந்து 2,630, வல்லூர் 1,500. நிலக்கரியை எரித்து ஒரு யூனிட் மின்சாரம் எடுத்தால் ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. சாம்பல் கழிவு பற்றி முன்பே மனு அளித்துள்ளோம். இம்மனு, கண்ணுக்குத் தெரியாத அந்த வாயுவைப் பற்றியது.

இதைப் பேசும் இடங்களிலெல்லாம், பூமி சூடாவதும் குளிர்வதும் இயற்கைதானே என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அறிவியல் அதற்கு விடையும் சொல்லிவிட்டது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. கூடுதல் வாயு எங்கிருந்து வந்தது? கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த நிலக்கரியில், நாளடைவில் சிதைந்துபோகும் கார்பன்-14 இருக்காது. காற்றிலும் அதன் பங்கு குறைந்துவந்ததை மர வளையங்களைக் கொண்டு 1955இலேயே விஞ்ஞானி ஹான்ஸ் சூஸ் காட்டினார். கூடுதல் வாயு நிலக்கரி போன்ற எரிபொருள்களை எரித்ததால் வந்தது என்பதற்கு அது சான்று. சூரியன்தான் காரணம் என்றால் வளிமண்டலத்தின் மேலடுக்கும் சூடேறியிருக்க வேண்டும். ஆனால் கீழடுக்கு சூடாகிறது, அதற்கு மேலுள்ள அடுக்கு மண்டலம் குளிர்ந்துவருகிறது. வெப்பமாதலுக்கு மனிதச் செயலே காரணம் என்பதில் ஐயமில்லை என்று ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழு 2021இல் உறுதியாகச் சொன்னது.

வளர்ந்த நாடுகளின் பொறுப்பே பெரிது என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அவர்கள் செய்த பிழையைக் காட்டி நாம் காத்திருந்தால் கடல் காத்திருக்காது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 செ.மீ. உயர்ந்தது. அதன் அடி முதலில் விழுவது கரையோரக் குடிசைகள் மேல்தான்.

2070க்குள் நிகர பூஜ்ய உமிழ்வு என 2021இல் இந்தியா கிளாஸ்கோவில் அறிவித்தது. 2022 டிசம்பரில் தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கம் தொடங்கியது. இவற்றை மனமார வரவேற்கிறோம். ஆயினும் எங்கள் ஊரில் எந்த அலகு எந்த ஆண்டு நிற்கும் என்று இதுவரை எங்களிடம் எவரும் சொல்லவில்லை. எனவே பின்வரும் கோரிக்கைகளை முன்வைக்கிறோம்:

1. வட சென்னை நிலையத்தில் 1994–96இல் இயங்கத் தொடங்கிய 210 மெகாவாட் அலகுகள் மூன்றையும் முதலில் நிறுத்த வேண்டும். மற்ற அலகுகள் ஒவ்வொன்றுக்கும் மூடும் ஆண்டை அரசாணையாக வெளியிட வேண்டும்.

2. 2017இல் மூடப்பட்ட எண்ணூர் அனல்மின் நிலையத்தின் இடத்தில் முன்மொழியப்பட்ட 660 மெகாவாட் விரிவாக்கத்தைக் கைவிட வேண்டும்.

3. மே முதல் செப்டம்பர் வரையான காற்றுக் காலத்தில் காற்றாலை மின்சாரம் வீணாகாதபடி மின்தடங்களை வலுப்படுத்த வேண்டும். பழைய சிறு காற்றாலைகளை மாற்றிப் பெரியவற்றை நிறுவ வேண்டும். இரவுத் தேவைக்கு மின்கலச் சேமிப்பையும் நீரேற்று மின்திட்டங்களையும் விரைவுபடுத்த வேண்டும்.

4. அலகுகளில் வேலை பார்க்கும் ஒப்பந்தத் தொழிலாளர்களில் எங்கள் பிள்ளைகளும் உண்டு. மாற்று வேலையும் பயிற்சியும் உறுதியான பிறகே அலகுகளை மூட வேண்டும்.

5. ஒவ்வொரு அலகும் எரித்த நிலக்கரி, வெளியிட்ட கரியமில வாயு ஆகியவற்றின் அளவை மாதந்தோறும் தமிழில் உள்ளாட்சி அலுவலகங்களில் ஒட்ட வேண்டும்.

6. சேற்றில் கரிமத்தைச் சேர்த்துவைத்து, புயல் அலையின் வேகத்தையும் தணிக்கும் அலையாத்திக் காடுகளை முகத்துவாரத்தில் மீண்டும் வளர்க்கும் பணியை மீனவர்களோடு சேர்ந்து செய்ய வேண்டும்.

மின்சாரம் எங்களுக்கும் வேண்டும். அதைக் காற்றிலிருந்தும் வெயிலிலிருந்தும் எடுக்கும் வசதி இம்மாநிலத்துக்கு இருக்கும்போது, நிலக்கரியை நீட்டிக்க இனி நியாயமில்லை. இக்கோரிக்கைகள் மீது 60 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமாகப் பதில் தருமாறும், மின் துறை அலுவலர்களுடன் எங்கள் பிரதிநிதிகளையும் அழைத்துக் கூட்டம் நடத்துமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.



இப்படிக்கு,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்

நகல்: அரசுச் செயலாளர், எரிசக்தித் துறை; மாவட்ட ஆட்சியர், திருவள்ளூர்.