சுறாவுக்குப் பயந்து கயிறைக் கோட்டை விடாதீங்க

பாய்மரப் படகுல ரெண்டு நாள் கடல்ல போகப் போறேன்னு வீட்டுல சொல்லிப் பாருங்க. ரெண்டே கேள்விதான் வரும். "சுறா வந்துச்சுன்னா?" "வழி தெரியாம நடுக்கடல்ல மாட்டிக்கிட்டா?" ஹாஸ்டல்லயும் இதே கதைதான். பக்கத்து ரூம் பையன் ஓர்க்கா ஒரு படகை ஆட்டிப் பார்க்குற ரீலைத் தேடிப் பிடிச்சு அனுப்பி, கூட ஒரு மெழுகுவத்தி எமோஜியும் போடுவான்.

(க்ரூஸ்னு சொன்னதும் பத்து மாடிக் கப்பல், டி.ஜே., பஃபே எல்லாம் ஞாபகம் வந்தா, அது வேற விஷயம். நான் சொல்றது 10, 12 மீட்டர் நீளமுள்ள படகு, ஆறேழு பேர், பாய், காத்து, அவசரத்துக்கு ஒரு சின்ன டீசல் எஞ்சின்.)

இந்தக் கேள்விகளுக்கு நம்ம ஆளுங்க சொல்ற பதில், "அட, அதெல்லாம் ஒண்ணும் ஆகாது மச்சி." பயத்தை விட இந்த பதில்தான் ஆபத்துன்னு நான் நினைக்கிறேன். ஏன்னா கடல்ல ஏதாவது ஆகத்தான் செய்யும். ஆனா அது சுறாவா இருக்காது. பயத்தை இல்லாம ஆக்க வேண்டாம், அதை எடுத்து சரியான இடத்துல வைக்கணும். தப்பான விஷயத்துக்குப் பயப்படுறவன் சரியான விஷயத்தைக் கவனிக்க மாட்டான்.

முதல்ல சுறாவை முடிச்சிடுவோம். அமெரிக்காவுல ஃபுளோரிடா அருங்காட்சியகம் உலகம் முழுக்க நடக்குற சுறாக்கடி சம்பவங்களைப் பதிவு பண்ணி வைக்குது. 2024-ல், மனுஷன் சீண்டாம சுறா தானா வந்து கடிச்சதுன்னு அவங்க உறுதி செஞ்சது மொத்த உலகத்துக்கும் 47. அதுலயும் பெரும்பாலும் அலைச்சறுக்கு ஆடுறவங்க, நீச்சல் அடிக்கிறவங்க. படகு மேல உக்காந்திருக்குறவங்க அந்தக் கணக்குலயே வர்றதில்ல. நம்ம கடல்ல திமிங்கிலச் சுறா கண்ணுல பட்டா அது பஸ் நீளத்துக்கு இருக்கும், வயித்தைக் கலக்கும். ஆனா அது வாயைத் திறந்து தண்ணியை வடிகட்டி மிதவை உயிரிகளைத் தின்னுற சாது. 2001-லேயே நம்ம நாட்டுல சட்டப் பாதுகாப்பு கொடுத்தாச்சு.

ஓர்க்கா விஷயம் கட்டுக்கதை இல்ல. 2020-ல இருந்து ஸ்பெயின், போர்ச்சுகல் கரையோரம், ஜிப்ரால்டர் ஜலசந்திப் பக்கம் ஒரு சின்னக் கூட்டம் பாய்மரப் படகுகளோட சுக்கானைத் தேடி வந்து உடைக்குது. சில படகுகள் மூழ்கியும் போயிருக்கு. ஆனா அதனால ஒரு உயிர் கூடப் போனதில்ல. அந்தக் கூட்டமே 50-க்கும் குறைவு, அழிவின் விளிம்புல இருக்குற இனம். இது பழிவாங்கல் இல்ல, விளையாட்டாத் தொத்திக்கிட்ட பழக்கம்னுதான் ஆய்வாளர்கள் பெரும்பாலும் சொல்றாங்க. நீங்க ஜிப்ரால்டர் போறதா இருந்தா ஸ்கிப்பர்கிட்ட அதைப் பேசுங்க. சென்னைல இருந்து புதுச்சேரி போறதுக்கு அந்த ரீலை மறுபடி மறுபடி பாக்க வேண்டிய அவசியம் இல்ல.

கடல் பாம்புக்கு விஷம் உண்டு, நிஜம்தான். ஆனா அது உங்களைத் தேடி வராது. கடி வாங்குறது பெரும்பாலும் வலையில சிக்கினதைக் கையால எடுத்துப் போடுற மீனவங்கதான். உண்மையில உங்களைத் தொந்தரவு பண்ணக்கூடிய ஒரே உயிரினம் ஜெல்லி மீன். நம்ம மீனவர்கள் சொறின்னு சொல்றது. அதுவும் நீங்க தண்ணியில இறங்கினாத்தான். பட்டுட்டா மண்ணைப் போட்டுத் தேய்க்காதீங்க. கடல் தண்ணியாலயே கழுவி, ஒட்டியிருக்குற இழைகளை வெறுங்கையால தொடாம எடுங்க. மூச்சு வாங்கினா, நெஞ்சு அடைச்சா உடனே கரைக்குத் தகவல்.

ராத்திரி வேற ஒரு பயம் வரும். படகுக்குப் பக்கத்துல தண்ணிக்கடியில பச்சையா ஒரு வெளிச்சக் கோடு பாய்ஞ்சு வரும். அது டால்ஃபின். தண்ணியில இருக்குற நுண்ணுயிர்கள் கலங்கினா ஒளிரும், 2019 ஆகஸ்ட்ல சென்னைக் கடற்கரையில அலை நீலமா மின்னினதை நியூஸ்ல பார்த்திருப்பீங்களே, அதே சமாச்சாரம்தான். இருட்டுல மூஞ்சியில சப்புனு எதாவது அடிச்சா அது கோலா மீன். பறக்குற மீன் டெக்ல வந்து விழுறது ரொம்ப சகஜம்.

சொல்லப்போனா பயப்பட வேண்டியது அதுங்கதான். ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும் நம்ம கரைக்கு முட்டையிட வர்ற பங்குனி ஆமைகள், 2025 ஜனவரியில நூத்துக்கணக்குல செத்து ஒதுங்குச்சு. ஆமைக்கு மூச்சு விட மேல வரணும், இழுவலையில மாட்டினா மூழ்கிச் செத்துடும். அதே மாசங்கள்தான் பாய்மரப் பயணத்துக்கும் நல்ல சீசன். அதனால எஞ்சின் போட்டுப் போகும்போது முன்னாடி ஒருத்தர் தண்ணியைப் பார்த்துட்டே இருங்க.

இப்ப ரெண்டாவது கேள்வி, வழி. இன்ஜினியரிங் பசங்க நாம இதுல கொஞ்சம் கூடுதலாவே பேசலாம்.

சென்னைல இருந்து புதுச்சேரிக்குக் கடல் வழி சுமார் 75 கடல் மைல். பாய்மரப் படகு சராசரியா 5 நாட் வேகத்துல போகும்னு வெச்சுக்கோங்க, அதாவது மணிக்கு 9 கிலோமீட்டர் சொச்சம். சைக்கிளை விட மெதுவு. 15 மணி நேரம், ஒரு ராத்திரி. தெற்கே போறீங்கன்னா நிலம் வலது கைப்பக்கம். இதுல தொலைஞ்சு போறது அவ்வளவு சுலபம் இல்ல. மாமல்லபுரம் கலங்கரை விளக்கம், கல்பாக்கம் அணுமின் நிலைய வெளிச்சம் (அதுக்குக் கிட்டப் போகவே கூடாது), கடைசியில புதுச்சேரி கலங்கரை விளக்கம். ஒவ்வொரு கலங்கரை விளக்கும் எத்தனை செகண்டுக்கு எத்தனை தடவை மின்னும்ங்கிறது வேற வேற. வரைபடத்துல எழுதியிருக்கும். செகண்ட் எண்ணினாலே எந்த ஊர்னு சொல்லிடலாம்.

"நடுக்கடல்ல சிக்னல் இருக்காதே, ஜி.பி.எஸ். எப்படி வேலை செய்யும்?"னு மூணாவது வருஷம் படிக்கிறவங்களே கேக்குறாங்க. டவர் வேற, சாட்டிலைட் வேற. ஜி.பி.எஸ்.க்கு வானம் தெரிஞ்சாப் போதும். மேப்பை மட்டும் முன்னாடியே டவுன்லோட் பண்ணிக்கணும்.

ஆனா நான் கவலைப்படுறது ஜி.பி.எஸ். இல்லாமப் போறதைப் பத்தி இல்ல. அது இருக்குங்கிற தெம்பைப் பத்தி. 2014 நவம்பர் 29. உலகத்தைச் சுத்துற வோல்வோ ஓஷன் ரேஸ். டீம் வெஸ்டாஸ் விண்ட்ங்கிற படகு, ஒன்பது பேர், எல்லாம் தேர்ந்த ஆளுங்க, கப்பலுக்கே விலை சொல்ற அளவுக்கு எலெக்ட்ரானிக்ஸ். இந்தியப் பெருங்கடல்ல மொரீஷியஸுக்கு வடகிழக்கே கார்காடோஸ் கராஹோஸ்ங்கிற பவளத்திட்டு மேல ராத்திரியில நேராப் போய் ஏறிடுச்சு. அந்தத் திட்டு வரைபடத்துல இல்லாததா? இருந்துச்சு. மின்வரைபடத்தை ஜூம் பண்ணாப் பளிச்சுனு தெரியும். ஜூம் பண்ணாத அளவுல அது ஆழம் கொஞ்சம் குறைஞ்ச இடம் மாதிரிதான் தெரிஞ்சுது. யாரும் பாதையை முழுக்க ஜூம் பண்ணிப் பார்க்கல. ஒன்பது பேரும் உயிர் தப்பினாங்க, படகு நார்நாராக் கிழிஞ்சுது. அவங்க எங்க இருக்காங்கன்னு அவங்களுக்குச் சில மீட்டர் துல்லியத்துல தெரியும். அங்க என்ன இருக்குன்னுதான் தெரியல. ஸ்கிரீன் டிசைன் பண்ணப் போற கம்ப்யூட்டர் சயின்ஸ் நண்பர்கள் இந்தச் சம்பவத்தை ஒரு தடவை முழுசாப் படிச்சிடுங்க.

அதனால கிளம்புறதுக்கு முந்தின நாள் ஸ்கிப்பர் கூட உக்காந்து, பாதை முழுக்க விரலை வெச்சுப் பெருசு பண்ணிப் பாருங்க. அரை மணி நேர வேலை. எங்க ஆழம் குறையுது, எங்க மணல்திட்டு, வழியில நிறுத்தணும்னா எந்தத் துறைமுகம். இதைப் பண்ணினவங்களுக்கு ராத்திரி வர்ற பயம் பாதியாக் குறையும். மீதிப் பாதிக்கு ஒரு பழைய வித்தை இருக்கு. நம்ம மீனவர்கள் எந்தக் கருவியும் இல்லாம கரையில ஒரு கோபுரத்தையும் அதுக்குப் பின்னாடி ஒரு மலையையோ மரத்தையோ நேர்க்கோட்டுல வெச்சு, இன்னொரு பக்கம் அதே மாதிரி இன்னொரு ஜோடி பார்த்து, ரெண்டு கோடும் வெட்டுற இடத்துல மீன் இருக்குற பாரைக் கண்டுபிடிப்பாங்க. அப்பட்டமான ஆயத்தொலைவு வடிவியல். பகல்ல நீங்களும் செஞ்சு பாருங்க, ஜி.பி.எஸ். காட்டுறதோட ஒத்துப் போகுதான்னு. அதுல ஒரு தனி கெத்து இருக்கு.

வழி தவறுறதை விட நிஜமான பிரச்சினை, அந்த வழியில வேற யார் வர்றாங்கங்கிறதுதான். கப்பல் 20 நாட்ல வருது, நீங்க அதை நோக்கி 5 நாட். சேர்த்து 25. மூட்டமான நாள்ல 5 மைல் தூரத்துல கண்ணுல பட்டுச்சுன்னா உங்க கைல இருக்குறது 12 நிமிஷம். ஒரு டீ போட்டுக் குடிக்கிற நேரம். கப்பலுக்கு பிரேக் கிடையாது, உங்களை அது பார்க்காமலே போகலாம். இதுக்கு ஒரு எளிய சோதனை உண்டு. கைத்திசைகாட்டியில கப்பல் எந்தக் கோணத்துல தெரியுதுன்னு குறிச்சுக்கோங்க. ரெண்டு நிமிஷம் கழிச்சு மறுபடி பாருங்க. கோணம் நல்லா மாறியிருந்தா அது உங்களைத் தாண்டிப் போயிடும். மாறாம, ஆனா கப்பல் பெருசாகிட்டே வந்தா ரெண்டு பேரும் ஒரே புள்ளிக்குப் போயிட்டிருக்கீங்க. சார்புத் திசைவேகம், பிளஸ் ஒன் பிசிக்ஸ்.

இன்னொண்ணு, வலை. நம்ம கரையோரம் ராத்திரி எக்கச்சக்க ஃபைபர் படகுகள், சிலதுல ஒரே ஒரு டார்ச் லைட். வலை மிதவையைப் பார்க்காம ஏறினா உங்க ப்ரொப்பெல்லர் சுத்திக்கிட்டு எஞ்சின் நிக்கும். உங்களுக்குப் போறது ஒரு ராத்திரித் தூக்கம். அவங்களுக்குப் போறது வலை, பிழைப்பு. நாமதான் அவங்க தொழில் பண்ற இடத்துல ஜாலியாப் போறோம். ஒதுங்கிப் போறது நம்ம வேலை.

சரி, சுறாவுல மிச்சம் பிடிச்ச பயத்தை எங்க வைக்கிறது? ரெண்டு இடத்துல.

ஒண்ணு, தலை மட்டத்துல. பாயோட அடியில கிடைமட்டமா ஒரு கட்டை இருக்கே, பூம், அதுல. வடகிழக்குக் காத்துல தெற்கே போறப்ப காத்து கிட்டத்தட்ட முதுகுப் பக்கம் இருக்கும். சுக்கான் பிடிக்கிறவர் கொஞ்சம் அசந்தாப் போதும், பாய் பக்கம் மாறும், பூம் மொத்த வேகத்தோட இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் வீசும். மண்டையில பட்டா கதை முடிஞ்சுது. அது வீசாம இருக்க ஒரு கயிறு கட்டச் சொல்லுங்க. அப்பவும் எழுந்திருக்கும்போது முதல்ல தலைக்கு மேல பாருங்க, அப்புறம் எழுந்திருங்க.

ரெண்டு, படகோட ஓரம். 5 நாட்ங்கிறது செகண்டுக்கு இரண்டரை மீட்டர். ஒருத்தர் தண்ணியில விழுந்து, மத்தவங்க சுதாரிச்சுப் படகைத் திருப்ப ஒரு நிமிஷம் ஆச்சுன்னா அவர் 150 மீட்டர் பின்னாடி இருப்பார். ராத்திரி அலையில ஒரு தலையைத் தேடுறது, தேங்கா மிதக்குறதைத் தேடுற மாதிரி. லைஃப் ஜாக்கெட் போட்டு, அதை ஒரு பட்டையால படகோட மாட்டிக்கிட்டா இந்தப் பிரச்சினையே இல்ல. "அது போட்டா போட்டோ நல்லா வராது"ன்னு கழட்டி வைக்கிற அதே ஆள்தான் சுறா இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பார்த்துட்டிருப்பான். பசங்களுக்குத் தனியா ஒண்ணு: ராத்திரி ஓரத்துல நின்னு ஒண்ணுக்குப் போகாதீங்க. உள்ள டாய்லெட் இருக்கு. சிரிக்காதீங்க, சீரியஸாத்தான் சொல்றேன்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. இந்தச் சுறாப் பயமும் வழிப் பயமும் பசங்களை விட நம்ம வகுப்புப் பொண்ணுங்களைத்தான் கரையிலேயே நிறுத்துது. "ஆபத்து, வேணாம்மா"ங்கிற ஒரு வார்த்தையில பேச்சு முடிஞ்சிடும். எந்த ஆபத்துன்னு யாரும் பேசுறதில்ல. புதுச்சேரியைச் சேர்ந்த கடற்படை அதிகாரி ரூபா அழகிரிசாமியும் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவும், ரெண்டே பேர், தாரிணிங்கிற 17 மீட்டர் பாய்மரப் படகுல 2024 அக்டோபர் 2-ல கோவாவுல கிளம்பி, கேப் ஹார்ன் முனையைச் சுத்தி, 2025 மே 29-ல திரும்பி வந்தாங்க. எட்டு மாசம். அவங்க பல வருஷம் பயிற்சி எடுத்தவங்க, நாம இல்ல, ஒத்துக்கிறேன். ஆனா நாம கேக்குறது உலகத்தைச் சுத்துறதுக்கு அனுமதி இல்லையே, 75 மைலுக்குத்தானே. வீட்டுல பேசும்போது "ஒண்ணும் ஆகாதுப்பா"ன்னு சொல்றதை விட்டுட்டு ஸ்கிப்பர் யாரு, அவருக்கு எத்தனை வருஷ அனுபவம், ரேடியோவுல எந்தச் சேனல்ல உதவி கேப்பாங்க (16), கடலோரக் காவல்படை நம்பர் என்ன (1554), எத்தனை மணிக்கு எந்த ஊருக்கு நேரா இருப்போம்னு ஒரு பேப்பர்ல எழுதிக் கொடுங்க. அப்பாக்களுக்குப் பேப்பர் பிடிக்கும்.

ஸ்கிப்பர்கிட்டயும் ரெண்டு கேள்வி கேட்டுடுங்க. "நான் விழுந்தா என்ன பண்ணுவீங்க? நீங்க விழுந்தா நாங்க என்ன பண்ணணும்?" ரெண்டாவது கேள்விக்குச் சிரிச்சு மழுப்பினார்னா அந்தப் படகுல ஏறாதீங்க. எஞ்சினை எப்படி ஸ்டார்ட் பண்றது, பாயை எப்படி இறக்குறது, ரேடியோவுல எந்த பட்டனை அமுக்கிப் பேசுறதுன்னு துறைமுகத்துலயே எல்லாருக்கும் ஒரு தடவை செஞ்சு காட்டுறவர் நல்ல ஸ்கிப்பர்.

அப்புறம் வாந்தி. அது வரும், பெரும்பாலானவங்களுக்கு முதல் நாள் வரும். மாத்திரையை டாக்டர்கிட்ட கேட்டு, கிளம்புறதுக்கு முன்னாடியே போடுங்க, வந்தப்புறம் போட்டுப் பிரயோஜனம் இல்ல. போனைப் பார்க்காம தொடுவானத்தைப் பாருங்க. குனியும்போதும் அந்தப் பட்டை மாட்டியிருக்கணும். முக்கியமா, காத்து எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கமா எடுங்க. எதிர்ப்பக்கம் எடுத்தவங்களை கூட வந்தவங்க நாலு வருஷமும் மறக்க மாட்டாங்க.