‘இலவச லாயர்’ யாருடைய லாயர்?

‘லாயர் கட்டணம் இலவசம்! ஆயிரம் வெள்ளி கட்டினால் போதும், வீடு உங்களுக்கு!’ சிரம்பானைச் சுற்றி எந்தச் சாலைச் சந்திப்பில் நின்றாலும் இப்படி ஒரு பதாகை கண்ணில் படும். ரப்பரும் செம்பனையும் நின்ற நிலங்கள் தாமான்களாகி விட்டன. அந்த நிலங்களில் பால் வெட்டிய குடும்பங்கள் லோபாக், ரஹாங், தெமியாங் பக்கம் வாடகைக்கு இருந்துகொண்டு, அதே நிலத்தில் எழும்பிய வீட்டை வாங்க வங்கி வாசலில் நிற்கின்றன. இந்த அநியாயத்தை வேறொரு நாள் பேசுவோம். இன்று பேச வேண்டியது கையெழுத்தைப் பற்றி.

நம்மவர்களுக்கு வீட்டு முன்பணம் எங்கிருந்து வருகிறது? தோட்டம் கைமாறியபோது கிடைத்த நட்ட ஈடு. 1980-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஐந்து ஆண்டுகளுக்குமேல் வேலை செய்தவருக்கு ஓர் ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். முப்பது வருடம் உழைத்த அப்பாவுக்கு 600 நாள் சம்பளம். அதோடு மகனின் இ.பி.எஃப். பணம், அம்மாவின் நகை. இரண்டு தலைமுறை உழைப்பை ஒரே கையெழுத்தில் வைக்கிறோம். அப்போது எதிரே உட்கார்ந்திருக்கும் வழக்கறிஞர் யாருக்காக வேலை செய்கிறார் என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. 1976-ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டத்தின் 84-ஆம் பிரிவின்படி, வீடமைப்பு நிறுவனத்துக்காகச் செயல்படும் வழக்கறிஞர், அதே விற்பனையில் வாங்குபவருக்காகச் செயல்படக் கூடாது. அப்படியானால் டெவலப்பர் பணம் கொடுத்து உட்கார வைத்திருக்கும் ‘இலவச லாயர்’ யாருடைய லாயர்? டெவலப்பருடைய லாயர். உங்களுக்கு லாயரே இல்லை! அவர் சிரித்துப் பேசலாம், தமிழராகவும் இருக்கலாம். அதனால் எதுவும் மாறிவிடாது.

வங்கிக் கடன் பத்திரத்துக்கும் இதே கதைதான். கட்டணம் கட்டுவது நீங்கள், ஆனால் அந்த வழக்கறிஞர் காப்பது வங்கியின் நலனை.

“எல்லாம் அரசாங்கம் அச்சடித்த பாரம்தானே, லாயர் எதற்கு?” என்று விற்பனைப் பெண் கேட்பார். பாதி உண்மை. புது வீட்டுக்கான விற்பனை ஒப்பந்தம் 1966-ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்டது. தரை வீட்டுக்கு ‘ஜி’ அட்டவணை, அடுக்குமாடிக்கு ‘எச்’ அட்டவணை. டெவலப்பர் தன் இஷ்டத்துக்கு அதை மாற்ற முடியாது. ஆனால் அந்த நிலம் ஏற்கனவே எந்த வங்கியில் அடமானத்தில் கிடக்கிறது, டெவலப்பரின் லைசன்ஸ் இன்னும் செல்லுபடியாகிறதா, கிராண்டில் என்ன தடை எழுதியிருக்கிறது? இதையெல்லாம் பாரம் உங்களுக்குச் சொல்லாது. உங்கள் லாயர்தான் தேடிப் பார்த்துச் சொல்ல வேண்டும். இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் வீட்டுப் பத்திர வேலைக்கென்றே தனி லைசன்ஸ் பெற்றவர்கள் இருக்கிறார்கள். நம் நாட்டில் அது வழக்கறிஞர் வேலை. வீட்டு ஏஜென்டும், கட்சிக் கிளைத் தலைவரும், ‘லாயர் ஆபீசில் வேலை செய்த’ அண்ணனும் காசு வாங்கிக்கொண்டு பத்திரம் எழுதினால் அது குற்றம்.

கட்டணம் அதிகமோ என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. 2023-ஆம் ஆண்டுக் கட்டண ஆணைப்படி முதல் 500,000 வெள்ளிக்கு 1.25 விழுக்காடு. 300,000 வெள்ளி வீட்டுக்கு 3,750 வெள்ளி. சேவை வரியும் பதிவுச் செலவும் தனி. பெயர் மாற்றத்துக்கான முத்திரை வரி முதல் 100,000-க்கு ஒரு விழுக்காடு, அடுத்த 400,000-க்கு இரண்டு விழுக்காடு. ஆக 5,000 வெள்ளி. 500,000 வெள்ளி வரையிலான முதல் வீடு வாங்கும் குடிமக்களுக்கு, 2021 முதல் 2025 முடிய கையெழுத்தான ஒப்பந்தங்களில் இந்த வரிக்கு விலக்கு இருந்தது. நீங்கள் கையெழுத்துப் போடும் நாளில் விலக்கு உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். பலர் கேட்பதே இல்லை.

அடுத்து அந்த ஆயிரம் வெள்ளி ‘புக்கிங்’ பணம். புது வீட்டுக்கு ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் எந்தப் பெயரில் பணம் வாங்குவதும் வீடமைப்பு விதிகளுக்கு முரணானது. ஆனாலும் வாங்குகிறார்கள், நாமும் கொடுக்கிறோம். கொடுத்துவிட்டால் ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள்! 2021 ஜனவரியில் பி.ஜே.டி. ரீஜன்சி வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் முக்கியமான தீர்ப்பு தந்தது. வீட்டை ஒப்படைக்கும் காலம் ஒப்பந்தத் தேதியிலிருந்து அல்ல, புக்கிங் பணம் கட்டிய தேதியிலிருந்தே கணக்கிடப்படும் என்றது. ‘ஜி’ அட்டவணையில் ஒப்படைக்கும் காலம் 24 மாதம். தாமதமானால் விலையில் ஆண்டுக்குப் பத்து விழுக்காடு இழப்பீடு. 300,000 வெள்ளி வீட்டுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 82 வெள்ளி. புக்கிங்குக்கும் ஒப்பந்தத்துக்கும் நடுவே நான்கு மாத இடைவெளி இருந்து, வீடும் தாமதமானால், அந்த ரசீதின் மதிப்பு மட்டும் 10,000 வெள்ளி. இழப்பீட்டைக் கேட்க வீடு வாங்குவோர் நடுவர் மன்றம் இருக்கிறது. கட்டணம் பத்து வெள்ளி, 50,000 வெள்ளி வரை கேட்கலாம், பொதுவாக இரு தரப்புக்கும் லாயர் கிடையாது. ஆனால் அங்கே போகக் காலவரம்பு உண்டு. வருடக்கணக்கில் காத்திருந்தால் கதவு மூடிவிடும்.

பழைய வீடு வாங்குகிறவர்களுக்கு ஆபத்து வேறு. நெகிரி செம்பிலானில் நிலம் பார்க்கும்போது மற்ற மாநிலத்துக்காரர் கேட்காத ஒரு கேள்வியை நாம் கேட்க வேண்டும்: இது அடாட் நிலமா? குவாலா பிலா, ரெம்பாவ், ஜெலபு பக்கம் அடாட் பெர்பாத்தே மரபுப்படி தாய்வழி வரும் நிலங்கள் உண்டு. கிராண்டில் அந்த முத்திரை இருந்தால் அந்தக் குலத்துக்கு வெளியே விற்க முடியாது. மலாய் ரிசர்வ் நிலத்தை நம் பெயருக்கு மாற்றுவதும் செல்லாது. விற்பவர் நல்லவராகவே இருக்கலாம், இருபது வருடப் பழக்கமாகவும் இருக்கலாம். நில அலுவலகத்தில் தேடல் எடுத்து, கிராண்டில் உள்ள ஒவ்வொரு வரியையும் படித்த பிறகே முன்பணம்.

இதைவிடக் கொடுமை டி.ஓ.எல். வீடுகள். அரசு நிலத்தில் தற்காலிக லைசன்சில் கட்டிய வீட்டை ‘சும்பா’ பேப்பரில் கையெழுத்துப் போட்டு விற்கிறார்கள். ஆணையர் முத்திரை பார்த்தவுடன் நம் மக்களுக்கு நம்பிக்கை வந்துவிடுகிறது. நிலச் சட்டத்தின்படி அந்த லைசன்சைக் கைமாற்ற முடியாது, வைத்திருப்பவர் இறந்தால் அதுவும் முடிந்துவிடும். நீங்கள் வாங்குவது பலகையும் தகரமும் மட்டுமே! நாளை புல்டோசர் வந்தால் நட்ட ஈடு கேட்க அந்தக் காகிதம் உதவாது.

‘பவர்’ பத்திரம் வைத்திருப்பவரிடம் வாங்குகிறீர்களா? உரிமையாளரை நேரில் பார்க்காமல் ஒரு காசும் தராதீர்கள். 2000-ஆம் ஆண்டு அடோர்னா வழக்கில், பினாங்கு நிலம் ஒன்றைப் போலி ஆள் விற்ற பிறகும் வாங்கிய நிறுவனத்துக்கே அது சொந்தம் என்று தீர்ப்பானது. 2010-இல் தான் யிங் ஹோங் வழக்கில் கூட்டரசு நீதிமன்றமே அந்தத் தீர்ப்பு தவறு என்று தள்ளியது. இது நியாயமான தீர்ப்பு. ஆனால் வாங்குபவர் தலையில் பொறுப்பு ஏறிவிட்டது. போலியிடம் நேரடியாக வாங்கினால், நாணயமாகப் பணம் கொடுத்திருந்தாலும், உண்மையான சொந்தக்காரர் நிலத்தைத் திரும்பப் பெறலாம். எல்லாம் சரியாக இருந்தால்கூட, ஒப்பந்தம் கையெழுத்தான உடனே உங்கள் லாயரைக் கேவியட் போடச் சொல்லுங்கள். பெயர் மாறும்வரை வேறொருவர் நடுவில் நுழைய முடியாது.

கடைசியாகச் சிவப்பு ஐ.சி. குடும்பங்கள். இங்கேயே பிறந்து, இங்கேயே வேலை செய்து, பிறப்புப் பத்திரம் இல்லாததால் குடியுரிமை கிடைக்காதவர்கள் நம் தோட்டப்புறத்தில் இன்னும் இருக்கிறார்கள். நிலச் சட்டம் அவர்களைக் குடிமக்கள் அல்லாதவராகவே பார்க்கிறது. 433பி பிரிவின் கீழ் மாநில அரசின் அனுமதி இல்லாமல் அவர்கள் பெயருக்கு வீடு மாறாது. இது தெரியாமல் முன்பணம் கட்டி இழக்கிறார்கள். தெரிந்தவர்களோ தம்பி பெயரிலோ மருமகன் பெயரிலோ வாங்கி விடுகிறார்கள். கிராண்டில் யார் பெயரோ அவரே சொந்தக்காரர். தம்பி கடனாளியானால் வீடு போகும், மருமகன் மணமுறிவு செய்தால் வழக்கு வரும். அனுமதிக்கு மனு போடுங்கள். நில அலுவலகத்தில் கொடுக்கும்போது பிரதியில் தேதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் இருந்தால்தான் அதை வைத்து மேலே போராட முடியும்.