கவிஞர் தரும் சான்று: எலியட்டின் ‘பாழ்நிலம்’ வாசிப்பில் ஒரு சிக்கல்

கவிஞரே திறனாய்வாளராகவும் விளங்கும்போது, அவருடைய கவிதைக்குப் பொருள் காண முற்படும் ஆய்வாளருக்கு ஒரு வசதி கிடைத்துவிடுகிறது. கவிஞர் தம் கட்டுரைகளில் வகுத்த கொள்கையை எடுத்துக்கொண்டு, கவிதையை அதற்கு எடுத்துக்காட்டாக நிறுத்தினால் போதும். கொள்கையும் கவிதையும் ஒருவருடையவையே ஆதலால் இரண்டும் பொருந்தும் என்பது இம்முறையின் அடிப்படை. இப்பொருத்தம் மெய்ப்பிக்கப்படுவதில்லை, முன்கூட்டியே ஒப்புக்கொள்ளப்படுகிறது.

டி. எஸ். எலியட் (1888–1965) அளவிற்கு இம்முறைக்கு இரையான கவிஞர் வேறொருவர் இருத்தல் அரிது. ‘மரபும் தனித்திறனும்’ என்னும் அவரது கட்டுரை 1919இல் ‘ஈகோயிஸ்ட்’ இதழில் இரு பகுதிகளாக வெளிவந்தது. கவிதை கவிஞனது ஆளுமையின் வெளிப்பாடன்று, அதிலிருந்து விலகிச் செல்வது என்பது அதன் சாரம். ஹாம்லெட் நாடகம் குறித்த கட்டுரையில் ‘புறநிலை இணை’ என்ற கருத்தையும் அதே ஆண்டில் முன்வைத்தார். மூன்றாண்டுகளில், 1922இல், ‘பாழ்நிலம்’ வந்தது. கொள்கை முன்னே, கவிதை பின்னே என்னும் இக்கால வரிசை பலரை மயக்கியது. தன்மை நீங்கிய கவிதைக்கு ‘பாழ்நிலம்’ முதன்மைச் சான்றாயிற்று. தமிழ்த் திறனாய்வு நூல்களுக்கு எலியட் வந்து சேர்ந்ததும் பெரிதும் இவ்வழியாகத்தான்.

எலியட் தாமே இதற்கு மாறாகப் பேசியிருக்கிறார். கவிஞன் திறனாய்வு எழுதும்போது, தான் எழுதுகின்ற அல்லது எழுத விரும்புகின்ற கவிதைக்காகவே உள்ளூர வாதாடுகிறான் என்ற கருத்தை அவர் 1942இல் கிளாஸ்கோவில் ஆற்றிய உரையில் தெரிவித்தார். 1956இல் மின்னியாபொலிஸ் நகரில் ஏறத்தாழ 14,000 பேர் கூடிய அவையில் பேசியபோது, தம் திறனாய்வின் சிறந்த பகுதி தம் கவிதைப் பட்டறையின் துணைவிளைபொருளே என்றார். தாம் ஆக்கிய சில தொடர்கள் உலகில் பெற்ற வெற்றி தமக்குச் சங்கடம் தருவதாகவும் கூறினார். பட்டறையில் கிடந்த கருவியை எடுத்துவந்து நிறுத்தற்கோலாக்கியவர்கள் பின்வந்தோரே.

அவ்வுரையில் ‘பாழ்நிலம்’ நூலின் பின்குறிப்புகளைப் பற்றியும் அவர் விரிவாகப் பேசினார். 1922 அக்டோபரில் ‘கிரைட்டீரியன்’ முதல் இதழிலும், அடுத்து அமெரிக்காவின் ‘டயல்’ இதழிலும் கவிதை குறிப்புகளின்றியே வெளிவந்தது. அவ்வாண்டு இறுதியில் நியூயார்க்கில் நூலானபோதுதான் குறிப்புகள் சேர்ந்தன. பிறர் அடிகளைத் திருடியதாக எழக்கூடிய குற்றச்சாட்டுக்கு விடையாகவே முதலில் அவற்றைத் தொகுத்ததாகவும், நூலுக்குப் பக்கம் போதாமையால் பின்னர் அவற்றை நீட்டியதாகவும் எலியட் கூறினார். டாரட் சீட்டுகளையும் புனிதக் கிண்ணத்தையும் தேடி ஆய்வாளர் பலரை வீணே அலையவிட்டதற்கு வருந்தவும் செய்தார்.

நன்னூலார் சிறப்புப்பாயிரம் உரைத்தற்குரியோராக ஆசிரியன், உடன் கற்றோன், மாணாக்கன், உரைகாரன் என நால்வரைச் சுட்டி, நூலாசிரியன் தன்னைத் தானே புகழ்தல் தகாது என விலக்கியது இங்கு நினைவுக்கு வருகிறது. இலக்கண நூலுக்கு அதன் ஆசிரியரே உரை வரைவது வேறு. இலக்கணக்கொத்துக்குச் சுவாமிநாத தேசிகர் எழுதிய உரை நூலின் பொருளை வரையறுக்கிறது. கவிஞர் தம் கவிதைக்கு எழுதும் குறிப்புக்கு அந்த அதிகாரம் உண்டா என்பதே வினா.

‘பாழ்நிலம்’ கவிதையின் இறுதிப் பகுதி இதற்குத் தெளிவான விடை தருகிறது. ஹார்வர்டில் லான்மனிடம் சமஸ்கிருதம் பயின்ற எலியட், பிருகதாரண்யக உபநிடதத்தின் இடிமுழக்கக் கதையை அங்கே எடுத்தாள்கிறார். மூலத்தில் பிரஜாபதி ‘த’ என்னும் ஓரெழுத்தை மூன்று முறை உரைக்கிறார். தேவர் அதனை ‘அடங்குக’ என்றும், மனிதர் ‘ஈக’ என்றும், அசுரர் ‘இரங்குக’ என்றும் கொள்கின்றனர். ஒவ்வொரு கூட்டத்தாரும் தம்மிடம் இல்லாத ஒன்றையே அவ்வெழுத்தில் கேட்கின்றனர். கவிதையிலோ வரிசை ஈகை, இரக்கம், அடக்கம் என மாறிவிடுகிறது. கேட்போரான மூவகையாரும் மறைந்துவிடுகின்றனர்; மூன்று குறைகளும் ஒரே மனிதக் குரலின்மேல் ஏறுகின்றன. மூலத்தில் முதலாவதான அடக்கம் கவிதையில் இறுதிக்கு நகர்ந்து, கைதேர்ந்தவன் கைக்கு இசைந்தோடும் படகின் காட்சியில் வைக்கப்படுகிறது. படகு இசைந்தது; உள்ளம் இசைந்திருக்கக்கூடும் என்று மட்டுமே சொல்லப்படுகிறது. நிகழ்ந்ததற்கும் நிகழாமற்போனதற்கும் இடையே வினைவடிவில் நேரும் இம்மாற்றமே அப்பகுதியின் துயரம். குறிப்போ உபநிடதத்தின் பெயரையும் இயல் எண்ணையும் தந்து, சொற்களுக்குப் பொருள் கூறி நின்றுவிடுகிறது. வரிசை மாற்றத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கவிதை மூலத்திலிருந்து பிரிந்து தன் வேலையைத் தொடங்கும் இடத்தில் குறிப்பு மௌனமாகிவிடுகிறது. மூலத்தை மட்டும் கண்டறிந்து நிறைவடையும் ஆய்வும் அதே இடத்தில் நின்றுபோகிறது.

கவிதை முடியும் ‘சாந்தி’ என்னும் சொல்லுக்குரிய குறிப்பு பிந்திய பதிப்புகளில் திருத்தப்பட்டுள்ளது. அச்சொல்லின் உட்பொருளுக்கு விவிலியத் தொடர் நலிந்த மொழிபெயர்ப்பே என முதலில் எழுதியவர், பின்னர் அதனை நிகரான தொடராகவே ஆக்கிவிட்டார். இடையில் 1927இல் அவர் ஆங்கிலத் திருச்சபையில் இணைந்திருந்தார். குறிப்புக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதற்கு இது போதும். இன்னொரு குறிப்பு, இலண்டன் மாநகரின் ஒரு தேவாலய மணியோசையைப் பற்றியது. தாம் பலமுறை கவனித்த நிகழ்வு என்று மட்டும் அது சொல்கிறது. லாயிட்ஸ் வங்கியில் அலுவல் பார்த்தவரின் தன்மைக்குரல், ஆளுமை நீக்கத்தை வற்புறுத்தியவரின் குறிப்புகளிடையே இப்படி எட்டிப்பார்க்கிறது.

1971இல் வேலரி எலியட் பதிப்பித்த கையெழுத்துப் படி இக்குரலை மேலும் கேட்கச் செய்தது. எஸ்ரா பவுண்டின் வெட்டுகளோடு, முதல் மனைவி விவியனின் குறிப்புகளும் அதில் உள்ளன. சதுரங்கக் காய்களைப் பற்றிய ஓர் அடி விவியனின் விருப்பத்தால் நீக்கப்பட்டது. 1960இல் கவிதையைத் தம் கையால் படியெடுத்தபோது எலியட் அதனை மீண்டும் எழுதிச் சேர்த்தார். அதன்பின் ஆய்வின் ஊசல் மறுபுறம் சாய்ந்தது. எமிலி ஹேலுக்கு எலியட் எழுதிய 1,131 கடிதங்கள் 2020 சனவரியில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக நூலகத்தில் திறக்கப்பட்டபோது, கவிதையின் ஹையசிந்த் தோட்டப் பகுதியை அவர் ஹேலோடு தொடர்புபடுத்தியிருந்தமை தெரிந்தது. அதே நாளில் வெளியான அவரது 1960ஆம் ஆண்டு அறிக்கையோ, விவியனோடு வாழ்ந்த மணவாழ்வே ‘பாழ்நிலம்’ பிறந்த மனநிலையைத் தந்தது என்கிறது. ஹேல் மீது தாம் காதல் கொண்டிருக்கவில்லை என்றும் மறுக்கிறது.

குறிப்பைத் திறவுகோலாகக் கொண்டவர்கள் இப்போது கடிதத்தைத் திறவுகோலாகக் கொள்கின்றனர். பிழை அதுவே, ஆவணம் மட்டும் மாறியிருக்கிறது. 1919இன் கட்டுரை இலக்கிய உலகை நோக்கியும், 1922இன் குறிப்புகள் குற்றம் காண்போரை நோக்கியும், கடிதம் ஒரு பெண்ணை நோக்கியும், அறிக்கை பிற்கால ஆய்வாளரை நோக்கியும் எழுதப்பட்டவை. யாரிடம், எந்தத் தேவைக்காகச் சொல்லப்பட்டது என்று கேளாமல் இவற்றுள் ஒன்றைச் சான்றாக்குவது வழக்கொன்றில் ஒரு தரப்பின் சாட்சியை மட்டும் கேட்டுத் தீர்ப்பெழுதுவதை ஒக்கும்.

தமிழ்ப் புதுக்கவிதை ஆய்விற்கும் இது அயலான செய்தியன்று. க.நா.சுப்ரமண்யம் தம் கவிதைகளை மயன் என்னும் புனைபெயரில் எழுதினார். திறனாய்வுக்கு ஒரு பெயர், கவிதைக்கு ஒரு பெயர் என அவர் பிரித்துவைத்ததை, ‘மயன் (க.நா.சு.)’ என அடைப்புக்குறியிட்டு ஒட்டிவிடுவது எளிது. க.நா.சு.வின் கட்டுரைகளிலிருந்து இலக்கணம் எடுத்து மயனின் கவிதைகளில் அதனை மெய்ப்பிக்கும் வேலையும் எளிதே. கட்டுரையாளர் வற்புறுத்தியதற்கு மயன் எந்தெந்த அடிகளில் உடன்பட மறுக்கிறார் எனக் காண்பதற்கு முதலில் கட்டுரைகளை மூடிவைத்துவிட்டு, கவிதைகளை மட்டும் கால வரிசையில் வாசித்தாக வேண்டும்.