வேனுக்குப் பெரிய டயர் மாட்டும் முன்… திருவாரூர்த் தேரைக் கொஞ்சம் பாருங்கள்!

லீவு விட்டால் வேன் பிடித்து, கும்பகோணத்தைச் சுற்றியுள்ள நவக்கிரகக் கோயில்களுக்குப் போய்வருவது டெல்டா குடும்பங்களுக்குப் பழகிய விஷயம். இப்போது சிலர் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். பழைய வேன் ஒன்றை வாங்கி, சீட்டுகளைக் கழற்றி, படுக்கை, கேஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி என்று குட்டி வீடாகவே மாற்றிவிடுகிறார்கள். கேரவன் என்றால் சினிமாக்காரர்களுக்குத்தான் என்றிருந்த காலம் மலையேறிவிட்டது.

உள்வேலை முடிந்ததும் கண் சக்கரத்தின் மேல் போகும். “கம்பெனி வீல் சின்னதா இருக்குண்ணே. பெரிய அலாய், அகல டயர் போட்டா வண்டி கெத்தா நிக்கும். சேத்துலயும் மாட்டாது” என்று யாராவது ஒரு வார்த்தை சொன்னால் போதும், மனசு ஆடிவிடும். கெத்தாக நிற்கும் என்பது உண்மைதான். மற்றதெல்லாம் உண்மையா?

ஒன்றரை சென்டிமீட்டர்தான்!

டயரின் பக்கவாட்டில் 215/75 ஆர்15 என்று எழுதியிருந்தால், அகலம் 215 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 75 சதவிகிதம். ரிம்மின் விட்டம் 15 அங்குலம். கணக்குப் போட்டால் டயரின் மொத்த உயரம் சுமார் 703 மில்லிமீட்டர். அதற்குப் பதில் 235/75 ஆர்15 மாட்டினால் சுமார் 733. வித்தியாசம் 30 மில்லிமீட்டர். அதில் பாதிதான் அச்சுக்குக் கீழே வரும். ஆக, வண்டி தரையிலிருந்து உயர்வது வெறும் ஒன்றரை சென்டிமீட்டர்!

ஐப்பசி மழையில் ஆற்றங்கரைச் சாலையில் எதிரே நெல் லாரி வருகிறது. ஒதுங்கினால் ஒரு பக்கச் சக்கரம் தாரை விட்டுக் களிமண்ணில் இறங்கும். அந்த மண்ணில் புதைந்துவிட்டால் ஒன்றரை சென்டிமீட்டர் கைகொடுக்காது. சேற்று உழவுக்கு டிராக்டர்காரர்கள் டயரைப் பெரிதாக்குவதில்லை. இரும்பு கேஜ் வீல் மாட்டுகிறார்கள். அதையே தார் ரோட்டில் ஓட்டினால் ரோடு பாழாகிவிடும். வயலுக்கு ஒரு சக்கரம், ரோட்டுக்கு ஒரு சக்கரம் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அகலம் கூடும், தாங்கும் எடை குறையும்

பலரும் கவனிக்காத எண் ஒன்று உண்டு. அளவுக்குப் பக்கத்திலேயே 100, 106 என்று அச்சிட்டிருப்பார்கள். ஒரு டயர் எவ்வளவு எடை தாங்கும் என்பதற்கான குறியீடு அது. 100 என்றால் 800 கிலோ, 106 என்றால் 950 கிலோ.

சரக்கு வேன்களுக்கென்றே வரும் 195 ஆர்15 சி டயரில் பெரும்பாலும் 106 இருக்கும். அதைக் கழற்றிவிட்டு, 100 என்று போட்ட 215/75 ஆர்15 டயரை மாட்டினால் பார்வைக்கு அகலமாக, அழகாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு டயரிலும் 150 கிலோ போய்விடும். நான்குக்கும் சேர்த்து 600 கிலோ!

கேரவனுக்கோ எடை கூடிக்கொண்டேதான் போகும். 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ. இன்வெர்ட்டர் பேட்டரி 50 கிலோவுக்குக் குறையாது. கட்டில், அலமாரி, சிலிண்டர், அதற்கு மேல் அப்பா, அம்மா, பிள்ளைகள், பாட்டி. சுமை தாங்காத டயர் மே மாத வெயிலில் சூடேறி வெடித்தால், வண்டி வாய்க்காலுக்குள் இறங்குவதற்கு ஒரு நொடி போதும்.

சக்கரத்தோடு பிரேக்கும்

திருவாரூர் ஆழித்தேரைப் பார்க்காத டெல்டாக்காரர் இருக்க மாட்டார். அலங்காரத்தோடு 96 அடி உயரம், எடை சுமார் 300 டன் என்பார்கள். அதன் இரும்புச் சக்கரங்களைச் செய்தது திருச்சி பெல் நிறுவனம். சக்கரத்தோடு நிற்கவில்லை, ஹைட்ராலிக் பிரேக்கும் அதே நிறுவனத்தின் கைவண்ணம்தான். தேரைத் திருப்ப இன்றும் முட்டுக்கட்டை போடுகிறார்கள். உருளும் பொருளை மாற்றினால் நிறுத்தும் பொருளையும் பார்த்தாக வேண்டும் என்பதுதான் அங்கே கணக்கு.

வேனுக்கும் அதே கணக்குதான். டயரின் உயரம் 4 சதவிகிதம் கூடினால் பிரேக்குக்கும் அந்த அளவு வேலை கூடும். ஸ்பீடோமீட்டரில் 80 காட்டும்போது வண்டி 83-ஐத் தாண்டி ஓடும். ரிம் வெளியே துருத்திக்கொண்டு நின்றால் வீல் பேரிங் சீக்கிரம் தேயும். ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போது டயர் மட்கார்டின் உட்புறத்தில் உரசலாம். கடையில் காலி வண்டியில் பார்த்தால் இது தெரியாது; சுமை ஏறி வண்டி தாழ்ந்த பிறகு, ஏதாவது ஒரு மதகுப் பாலத்துத் திருப்பத்தில் தெரியும்.

ஆர்.சி. என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை உரிமையாளர் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த சட்டத்திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமிருக்கிறது. இதைவிடப் பெரிய கவலை இன்ஷூரன்ஸ். விபத்து நடந்தால், தெரிவிக்காத மாற்றத்தைக் காரணம் காட்டி இழப்பீட்டை இழுத்தடிக்க வழி பிறந்துவிடும். வேனைக் கேரவனாக மாற்றியதையே ஆர்.டி.ஓ. அனுமதியோடு ஆர்.சி.யில் பதிந்திருக்க வேண்டும்.

அப்படியானால் மாற்றவே கூடாதா?

மாற்றலாம். அதே மாடலின் உயர்ந்த வகைக்குக் கம்பெனியே கொடுக்கும் அளவு என்றால் வம்பில்லை. டிரைவர் கதவோரத் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் டயர் அளவும் காற்றழுத்தமும் இருக்கும். மொத்த உயரம் 3 சதவிகிதத்துக்கு மேல் மாறக் கூடாது. சுமைக் குறியீடு பழையதைவிடக் குறையவே கூடாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய டயர் வாங்குபவர்கள், பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பார்க்க வேண்டும். 2324 என்றால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது என்று அர்த்தம்.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. தண்ணீரை நிரப்பி, சிலிண்டரை வைத்து, குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு, நெல் லாரிகள் நிற்கும் எடை மேடையில் வேனை ஏற்றிப் பார்த்துவிடலாம். முதலில் முன்சக்கரம், பிறகு பின்சக்கரம், கடைசியில் முழு வண்டி என்று மூன்று எடை. அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு டயர் கடைக்குப் போனால், பேச்சு கெத்திலிருந்து தொடங்காது, கிலோவிலிருந்து தொடங்கும்.