சைக்கோவ்ஸ்கி செய்த குற்றம் என்ன?

டிசம்பர் பிறந்துவிட்டால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரிய நகரங்களில் எங்கு திரும்பினாலும் ஒரு பாலே நாட்டியத்தின் விளம்பரம்தான் கண்ணில் படும். அதுதான் "நட்கிராக்கர்". 1892-ல் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கில் முதன்முதலாக அரங்கேறிய இந்தக் குழந்தைக் கதைக்கு சங்கீதம் அமைத்தவர் ரஷ்ய மேதை சைக்கோவ்ஸ்கி. பல நாட்டியக் குழுக்களின் வருஷ வருமானத்தில் பெரும் பங்கு இந்த ஒரு மாத வசூல்தான்.

அப்படிப்பட்ட நாட்டியத்தை உக்ரேன் தலைநகர் கீவிலுள்ள தேசிய ஆபெரா அரங்கம் 2022 டிசம்பரில் ஒதுக்கி வைத்தது. பதிலாக "பனி ராணி" ஆடப்பெற்றது. யுத்தம் முடியும்வரை சைக்கோவ்ஸ்கியை மேடையேற்ற வேண்டாம் என்று கலாசார மந்திரி டக்காச்சென்கோ நேச நாடுகளையும் கேட்டுக்கொண்டார். 1893-ல் காலமான ஒருவர் 2022-ல் மூண்ட யுத்தத்துக்கு எப்படிப் பொறுப்பாவார் என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

சங்கொலிக்கு நடுவே

ஆனால், கீவ் ரஸிகர்களின் நிலையையும் எண்ணிப் பார்க்கவேண்டும். 2022 பிப்ரவரி 24-ந் தேதி ரஷ்யப் படையெடுப்புடன் மூடப்பட்ட அரங்கம், மே மாதம் மீண்டும் திறக்கப்பட்டது. பதுங்கு அறையில் எத்தனை பேருக்கு இடமுண்டோ அத்தனை டிக்கெட்டுகளே விற்கப்பட்டன. அபாயச் சங்கு ஊதினால் ஆட்டம் நிற்கும். ஆடுபவர்களும் பார்ப்பவர்களும் ஒன்றாகக் கீழே இறங்குவார்கள். அந்த அரங்கின் பிரபல நர்த்தகர் டாட்ஸிஷின், குண்டு வீச்சில் காயமுற்று மார்ச்சில் உயிர் நீத்தார். மற்றொருவரான ஷாபோவல், செப்டம்பரில் போர்முனையில் மாண்டார். சக கலைஞரை அடக்கம் செய்துவிட்டு வந்தவர்களிடம், "கலைக்குத் தேசம் இல்லை" என்று உபதேசிப்பது சுலபமல்ல.

தூது போன அன்னங்கள்

தவிர, பாலேயை ராஜ தந்திரக் கருவியாக்கியது மாஸ்கோதான். 1956-ல் லண்டனுக்கும் 1959-ல் நியூயார்க்குக்கும் போல்ஷாய் குழு சென்றது வெறும் ஆட்டத்துக்காக மட்டுமல்ல. சோவியத் பெருமையைப் பறைசாற்றவும்தான். 1991 ஆகஸ்டில் கோர்பசேவுக்கு எதிராகச் சதி நடந்தபோது, செய்தியை மறைக்க சோவியத் டெலிவிஷனில் திரும்பத் திரும்பக் காட்டப்பட்டது சைக்கோவ்ஸ்கியின் "அன்னப் பொய்கை"!

மத்தளத்தின் கதி

இருப்பினும் மறுபக்கமும் உண்டு. சைக்கோவ்ஸ்கியின் மூதாதையர் உக்ரேனியக் கோசாக்குகள். அவருடைய இரண்டாவது சிம்பொனியில் உக்ரேனிய நாடோடிப் பாடல்கள் ஒலிக்கின்றன. மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி என்பது இதுதான். ரஷ்யக் கலைஞர் எல்லோரும் யுத்தத்தை ஆதரித்ததாகவும் சொல்ல முடியாது. போல்ஷாயின் முதன்மை நர்த்தகி ஓல்கா ஸ்மிர்னோவா யுத்தத்தைக் கண்டித்து, 2022 மார்ச்சில் ஆம்ஸ்டர்டாம் குழுவில் சேர்ந்தார். கீவில் வளர்ந்த நாட்டிய அமைப்பாளர் ரட்மான்ஸ்கி, மாஸ்கோவில் தாம் செய்துவந்த வேலையைப் பாதியில் விட்டு வெளியேறினார். அவர் அமைத்த "ஜிஸெல்" நாட்டியத்தை, அகதிகளாக வந்த உக்ரேனியக் கலைஞர்கள் அதே வருஷம் செப்டம்பரில் லண்டனில் ஆடினார்கள். பாரிஸில் பிறந்த நாட்டியம் அது. பாலே ரஷ்யாவுக்கு மட்டும் சொந்தமல்ல என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும். சுவரே இடியும்போது கீவ் மக்கள் ஒரு சித்திரத்தைத் திருப்பி வைத்தார்கள் என்றால் அதைக் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால், திருப்பி வைப்பது வேறு, கிழித்தெறிவது வேறு. "யுத்தம் முடியும்வரை" என்ற இரண்டு சொற்களில் அந்த வித்தியாசம் அடங்கியிருக்கிறது. அந்தச் சொற்கள் மறக்கப்படாமல் இருக்கவேண்டும்.